பை எங்க நைனா?

அவர் யாரையும் முதலில் முகத்தில் பார்க்க மாட்டார். கையைத்தான் பார்ப்பார். கையில் துணிப்பை இருந்தால் கண் மெல்ல மேலே ஏறும், "வாங்க, நல்லா கீறீங்களா" என்று வாய் திறக்கும். பாலித்தீன் கவர் இருந்தால் கண் அங்கேயே நின்றுவிடும். திருத்தணி பஜார் தெருவில் அந்தக் கண்ணுக்குப் பயந்து கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போன பெரிய மனிதர்களை எனக்குத் தெரியும். நானும் அப்படி நடந்திருக்கிறேன். காய்கறி வாங்கிக்கொண்டு வந்தால் கடை வாசலில் நின்று கேட்பார்: "பை எங்க நைனா?"

நைனா என்பது நான்தான். எங்கள் பக்கம் தெலுங்கு பாதி, தமிழ் பாதி என்று கலந்து கிடப்பதால் வயதில் சின்னவனைக்கூட அப்பா என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வார்த்தையில் திட்டலாம். அவரை நான் அக்கா என்பேன். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், படித்து முடித்தபின் இந்தத் தாள் எங்கே போகும் என்று கேட்டுக்கொண்டு வந்து நிற்பார்.

நான் ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிறவன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் மெஷினில்தான் பிறக்கும். அக்கா என் பக்கத்துக் கடை. இப்போது அந்தக் கடையில் செருப்பு விற்கிறார்கள். அன்றைக்கு அங்கே விற்றது விளம்பரப் பொருள்கள், அதாவது கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் போட்டு வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுக்கிற காம்ப்ளிமென்ட் சாமான்கள். மற்ற ஊர்களில் இதைச் செய்கிறவர்கள் பிளாஸ்டிக் பேனா, பிளாஸ்டிக் டப்பா, ரெக்சின் பர்ஸ் என்று வாரி வழங்குவார்கள். அக்கா கடையில் மண்ணில் மக்காத ஒரு பொருளும் கிடையாது. அம்மையார்குப்பத்துப் பவர்லூமில் மிச்சம் விழுகிற துணியில் தைத்த பை, கொட்டாங்குச்சியில் சாவிக்கொத்து, வேப்பங்கட்டைச் சீப்பு, முனையில் துளசி விதை வைத்த காகிதப் பேனா. ஒரு பக்கம் அவர் கடை, சுவரைத் தாண்டினால் என் ஃப்ளெக்ஸ். மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்பில் நிற்கவைத்தது மாதிரி.

மக்கும் என்று யாராவது சொன்னால் அவர் நம்ப மாட்டார். கடைக்குப் பின்னால் ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தது. சாம்பிள் எது வந்தாலும் அதில் புதைத்துவிடுவார். ஒருமுறை மெட்ராஸிலிருந்து டை கட்டிக்கொண்டு ஒருவர் வந்து, முழுக்க முழுக்க மக்கிப்போகும் பேனா என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா அதை ஆயுத பூஜை முடிந்த கையோடு புதைத்தார். பொங்கல் கழிந்து அவர் ஆர்டர் கேட்டு வந்தபோது, இருங்க என்று சொல்லிவிட்டுப் போய்த் தோண்டி எடுத்து வந்தார். மண்ணைத் துடைத்துவிட்டுக் காகிதத்தில் கிறுக்கினால் அருமையாக எழுதியது. அந்தப் பேனாவாலேயே அவருக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவரும் சிரித்துவிட்டுத்தான் போனார். அக்காவிடம் கோபித்துக்கொள்வது கஷ்டம். திட்டும்போது அவருக்கே முதலில் சிரிப்பு வந்துவிடும், அப்புறம் உடம்பு முழுக்கக் குலுங்கும், அதைப் பார்த்துத் திட்டு வாங்குகிறவனும் குலுங்குவான்.

ஆனால் அவருடைய ஆட்டத்திலேயே பெரிய ஆட்டம் குப்பை பார்ப்பதுதான். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை சப்ளை செய்தால், மறுநாள் காலை மண்டபத்துக்குப் பின்னால் போய்க் குப்பையில் தன் பை கிடக்கிறதா என்று பார்ப்பார். பரீட்சை எழுதிய பிள்ளை ரிசல்ட் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எச்சில் இலைகளுக்கு நடுவே நடப்பார். பை கிடக்கவில்லை என்றால் அன்று எனக்கு ஓசியில் டீ. ஒருமுறை ஒரு பை கிடந்தது. சாம்பார் கறையோடு எடுத்து வந்து, துவைத்து, இஸ்திரி போட்டு, பெண்ணைப் பெற்றவர் வீட்டுக்கே கொண்டுபோய், உங்கள் பெண் பெயர் குப்பையில் கிடந்தது, வேண்டாம் என்று வீசியவர் யார் என்று தெரியாது, நீங்களாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். அந்த மனிதர் கண்கலங்கிவிட்டார். அவருடைய சின்னப் பெண் கல்யாணத்துக்கும் அக்காவிடம்தான் பை வாங்கினார். எனக்கு மட்டும் அந்த வீட்டில் பேனர் ஆர்டர் கைவிட்டுப் போனது.

"குடுத்தது கைல இருக்கணும் நைனா, கீழ கெடக்கக் கூடாது. கீழ கெடந்தா அது விளம்பரம் இல்ல, அவமானம்" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்கள் ஊரில் புது பைக் வாங்கினால்கூட மலைமேல் கொண்டுபோய்ப் பூசை போடாமல் ஓட்ட மாட்டோம். அக்கா அதையும் தாண்டி, எந்த ஆர்டரும் கடையை விட்டு வெளியேறும் முன் சரவணப்பொய்கைத் தண்ணீரில் மஞ்சள் கலந்து வேப்பிலைக் கொத்தால் தெளிப்பார். தெளிப்பார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், குளிப்பாட்டுவார். துணிப்பைகளில் அங்கங்கே மஞ்சள் புள்ளி விழும். வாடிக்கையாளர் முணுமுணுத்தால் அது முருகன் போட்ட கையெழுத்து என்று சொல்லிவிடுவார். இந்த ஊரில் அதற்குமேல் யார் வாதாட முடியும்?

இத்தனை இருந்தும் கடை தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. மலிவாகப் பிளாஸ்டிக் கிடைக்கும்போது மக்குகிற சாமானை நாலு பேர் வாங்குவார்கள், நாற்பது பேர் பாராட்டிவிட்டுப் போவார்கள். அரக்கோணத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் அடிக்கடி மின்சார ரயிலில் வந்து, கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டும், இதை மூடிவிட்டு வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். தங்கை கஷ்டப்படுகிறாளே என்கிற கவலை. அக்காவுக்கோ பாத்திரக் கடைக் கல்லா என்று கேட்டாலே முகம் சுருங்கிவிடும். கடைசியில் இருவரும் ஆடிக்கிருத்திகை வரைக்கும் பார்ப்பது என்று பேசி முடித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பஜாரின் பெரிய ஜவுளிக்கடை முதலாளி வந்தார். ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிற ஜனங்களுக்குக் கடை பெயர் போட்ட கைவிசிறி கொடுப்பது அவர் வழக்கம். தன் முகத்தின் மேல் அவருக்கு அளவில்லாத பிரியம். கைகூப்பிச் சிரிக்கும் அவர் படத்தை நான் அடித்த அளவுக்கு முருகன் படத்தைக்கூட அடித்ததில்லை. அந்த வருடம் பிளாஸ்டிக் விசிறிக்குக் கெடுபிடி என்று பேச்சு வந்ததால் அக்காவிடம் வந்தார். அக்கா விதைக்காகித விசிறியைக் காட்டினார். காகிதக் கூழிலேயே முளைக்கீரை விதை கலந்த வட்ட அட்டை, மூங்கில் குச்சிக் கைப்பிடி. வீசி முடித்தபின் மண்ணில் போட்டுத் தண்ணீர் விட்டால் கீரை வரும்.

முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரி, கடைசியில் இதுவும் ரோட்டில்தானே கிடக்கும் என்றார். அன்றைக்கு அண்ணனும் கடையில் இருந்தார், நானும் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஒரு விசிறி குப்பைல கெடந்தாலும் நான் கடைய சாத்திட்டு எங்கண்ணன்கூட போயிட்றேங்க" என்றார்.

எனக்கு டீ புரையேறியது. லட்சக்கணக்கில் ஜனம் வருகிற திருவிழாவில் ஒன்றுகூடக் கீழே விழாது என்று யாராவது வாக்குக் கொடுப்பார்களா? முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். ஒன்றுகூடக் கிடக்கவில்லை என்றால் தீபாவளிக்குக் கடைப் பை மொத்தமும் உங்களிடம்தான் என்றார். அண்ணன் முகத்தில் கல்லாவுக்கு ஆள் கிடைத்துவிட்ட நிம்மதி தெரிந்தது.

அச்சடித்தது எங்கள் தெருவில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிற பாய். அளந்து பேசுகிற மனிதர். கட்டுக் கட்டாக விசிறிகள் என் கடையின் பின்னறையில் அடுக்கப்பட்டன, அக்கா கடையில் இடமில்லை. வாழ்வா சாவா ஆர்டர் என்பதால் அக்கா வழக்கமான சொம்போடு நிறுத்தவில்லை. தலைக்குக் குளித்து, பொய்கையிலிருந்து ஒரு குடமே கொண்டுவந்து, கட்டுக்குக் கட்டு, இண்டு இடுக்கு விடாமல் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மாலையில் மழை மிரட்டியது. எங்கே நனைந்துவிடுமோ என்று, ஜென்மத்தில் முதல்முறையாக என்னிடம் வந்து பழைய ஃப்ளெக்ஸ் ஒன்று கேட்டார். நான் கிண்டல் செய்யாமல் கொடுத்தேனா என்றால் இல்லை, வயிறாரக் கிண்டல் செய்துவிட்டுத்தான் கொடுத்தேன். அதைப் போர்த்திச் சுற்றிலும் இறுக்கிக் கட்டினார். வெளியே பெய்த மழை உள்ளே போகவில்லை. உள்ளே தெளித்த தண்ணீரும் வெளியே போகவில்லை.

நாலைந்து நாள் கழித்து, திருவிழாவுக்கு முதல் நாள் காலை கட்டுகளைப் பிரிக்க நாங்கள் மூன்று பேரும் போனோம். ஃப்ளெக்ஸைத் தூக்கியதும் உழுத வயல் வாசனை வந்தது. பாய் மேல் கட்டிலிருந்து ஒரு விசிறியை உருவி வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இன்னாமா இது, மொதலாளிக்குத் தாடி வந்துட்டுகீது" என்றார்.

உண்மைதான். வெளுத்த தண்டும் நுனியில் துளி இலையுமாக முதலாளியின் கன்னத்திலிருந்தும் மூக்குக்குக் கீழிருந்தும் கீரை முளைத்திருந்தது. கூப்பிய கைகளில் முளைத்திருந்தது. ஒரு விசிறியில் இரண்டு காதிலும் சரியாக முளைத்திருந்தது. ஈரம் உள்ளே இறங்காமல் அடிக்கட்டுகள் காய்ந்தே இருந்தன, மேல்கட்டுகளில் பாதி இப்படி. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அழத்தான் செய்தார். ஆனால் கையிலிருந்த விசிறியில் முதலாளியைப் பார்க்கப் பார்க்கத் தோள் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக அவர் திணறியதைப் பார்த்து எனக்கும் அடக்க முடியவில்லை. பாய் மட்டும் சிரிக்காமல், தண்ணி தெளிச்சா வெதை இன்னாம்மா பண்ணும் என்று நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முளைத்ததை ஒதுக்கிவிட்டுக் காய்ந்ததை மட்டும் கொடுக்கலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. தாடி வைத்த விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே ஜவுளிக்கடைக்குப் போனார். வேடிக்கை பார்க்கிற ஆசையில் நானும் பின்னால் போனேன்.

கடையில் மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை வாங்குகிற கூட்டம். முதலாளி விசிறியை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை என் மெஷினில் அடித்தால் மை பத்தாது. ஊர் சிரிக்க வைத்துவிட்டீர்களே என்று அவர் ஆரம்பித்தபோது, நகரி பக்கத்திலிருந்து வந்திருந்த பெண்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். இது என்ன கீரை என்று தெலுங்கில் கேட்டார்கள். முளைக்கீரைக்குத் தெலுங்கில் சொல்கிற மாதிரி தோட்டகூர என்று அக்கா சொன்னார். அவர்களில் பெரியவர் விசிறியைக் கையில் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பாலிகைச் சட்டியில் பயிர் முளைக்கிற மாதிரி கிருத்திகைக்கு முன்னால் முளைத்திருக்கிறதே, எங்களுக்கும் ஒன்று கொடுங்கள் என்றார். பக்கத்தில் நின்றவர்களும் கை நீட்டினார்கள். முதலாளி வியாபாரி. திட்டுவதற்குத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு, "மொளச்சத மொதல்ல எடுத்தாரச் சொல்லுங்க" என்றார்.

மறுநாள் மலையடிவாரத்தில் முளைத்த விசிறிகள் போன வேகத்தைச் சொல்ல வேண்டும். புஷ்பக் காவடி எடுத்தவர்கள் காவடியிலேயே சொருகிக்கொண்டார்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு பெரியவர் முதலாளியின் பச்சைத் தாடியால் விசிறிக்கொண்டே அரோகரா போட்டுப் படியேறினார். அக்கா ஒவ்வொருவர் கையையும் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. முளைத்தது தீர்ந்தபின் காய்ந்தவற்றையும் கொடுத்தோம். அவையும் போயின.

தெப்பம் முடிந்து ஊர் காலியான பின்னால் அக்காவுக்குப் பரீட்சை ரிசல்ட். திருவிழாக் குப்பையை ஆற்றங்கரைப் பக்கம் ஒரு காலி மனையில் குவித்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். முளைத்த விசிறி ஒன்றுகூட அங்கே இல்லை. உயிருள்ளதை யாருக்கும் வீச மனம் வரவில்லை போலிருக்கிறது. ஆனால் காய்ந்த விசிறிகள் கிடந்தன. ஒன்றிரண்டு இல்லை, நிறைய. செருப்புக்கும் பூவுக்கும் நடுவே முதலாளி கைகூப்பியபடி எல்லாப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து ஒன்றை எடுத்தார், மறுபடி அங்கேயே வைத்தார். அன்று அவர் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்தபோதுதான் அந்தப் பக்கத்துக் கடை மூடிக்கிடந்தால் என் நாள் எப்படிப் போகும் என்று எனக்கு உறைத்தது.

முதலாளியும் விடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் தன் முகத்தின் மேல் ஒரு மாடு நின்றுகொண்டிருந்ததாகவும், தானே அதைத் தள்ளிவிட்டு வந்ததாகவும் சொன்னார். தீபாவளிப் பை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று அக்கா அண்ணனுக்கு போன் போட்டார். அண்ணன் உடனே கூட்டிக்கொண்டு போயிருப்பார். ஆனால் ஆடி மாதம். ஆடியில் கடையைத் திறக்கவும் மாட்டோம், மூடவும் மாட்டோம், குடத்தைக்கூட இடம் மாற்ற மாட்டோம். ஆவணி பிறக்கட்டும், நல்ல நாள் பார்த்து வருகிறேன் என்றார். அக்கா மிச்சமிருந்த நாள்களைப் பைகளை மடித்து வைப்பதும் பிரித்து மறுபடி மடிப்பதுமாக ஓட்டினார். இடையில் தினம் மாலையில் மழை கொட்டியது.

ஆவணி பிறந்து, அண்ணன் வருவதாகச் சொன்ன நாள் காலை. பாய் சைக்கிளை என் கடை வாசலில் போட்டுவிட்டு மூச்சு வாங்க நின்றார். அவர் வேகமாக வந்து நான் பார்த்ததே கிடையாது. அக்காவைக் கூப்பிடு, ஆத்தங்கரைக்கு வா என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போய்ப் பார்த்தால் குப்பையை வண்டியில் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அள்ளியது போக மண்ணோடு மண்ணாய் ஒட்டிக் கிடந்த விசிறிகள் மழையில் கரைந்து, மனை முழுக்க முளைக்கீரை. முழங்காலுக்குக் கீழே தளதளவென்று, கோலம் போட்ட மாதிரி அங்கங்கே வட்டம் வட்டமாக. விசிறியின் வட்டம். எங்களுக்கு முன்பே முதலாளி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அங்கே நின்றிருந்தார். வழியில் போகிறவர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் ஒவ்வொருவரிடமும் இது எங்கள் கடைக் கீரை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா நெருங்கிப் போய் நின்றார்.

"குப்பைல கெடந்துச்சு, ஒத்துக்கிறேங்க. ஆனா கெடந்தபடியே கெடக்கலியே" என்றார். குரல் உடைந்து, அதன் மேலேயே சிரிப்பும் வந்துவிட்டது.

முதலாளி தொண்டையைச் செருமினார். "ஆங், பார்த்துக்கினுதான் கீறேன். தீவாளிப் பை உங்களுதும்மா. மூஞ்சி மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க."

அதன்பின் ஆர்டர்கள் பெருகி, இடம் பத்தாமல், அக்கா கனகம்மாசத்திரத்தில் ரோட்டோரமாகப் பெரிய ஷெட் போட்டுத் தையல் மெஷின்களோடு குடிபோய்விட்டார். மெட்ராஸ் போகிற பஸ்ஸில் நான் அந்த வழியாகப் போனால் கையில் இருப்பதை இன்னும் மடியில் மறைத்துக்கொள்கிறேன். பழக்கம். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஆவணிக் காலைதான்.

அண்ணன் ரயிலை விட்டு இறங்குகிற நேரம். இதை அவருக்குக் காட்டாமல் விடமாட்டேன் என்று அக்கா மண்டி போட்டு உட்கார்ந்து, வேரோடும் மண்ணோடும் ஒரு கொத்துக் கீரையைப் பெயர்த்தெடுத்தார். வேரில் மக்காத விசிறித் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அதில் முதலாளியின் கூப்பிய கை பாதி தெரிந்தது. மண் உதிர உதிர அதைத் தாங்கிக்கொண்டு எழுந்து, வைப்பதற்கு எதையோ தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். இத்தனை வருடம் காத்திருந்ததற்குக் கூலி கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

"பை எங்கக்கா?" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார்.